உப்புக்காற்றிலும் பச்சை மாறாத உகாய்: காட்டுயிர்த் தோட்டத்துக்கு ஓர் ஆரம்பப் பாடம்

ராமநாதபுரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் வாயிலிருந்து முதலில் வருவது, "தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?" நியாயமான கேள்விதான். குடிதண்ணீரையே தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவருகிற ஊரில் ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் யார் ஊற்றுவது? போரில் வரும் தண்ணீரோ பல ஊர்களில் வாயில் வைக்க முடியாத உப்பு.

ஆனால் அதே ஊரில், யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமல், சித்திரை வெயிலிலும் ஆடிக்காற்றிலும் பச்சையாகவே நிற்கும் செடிகள் இருக்கின்றன. தேவிபட்டினம், காரங்காடு, தொண்டி என்று கடலோரமாகப் போனால் உப்பளத்து ஓரத்திலும் அலையாத்திக் காட்டை ஒட்டிய மேட்டிலும் அவற்றைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒன்றை வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படி, கொண்டுவந்தால் பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன கிடைக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது உகாய். உகா, உவாய் என்றும் சொல்வார்கள். மிஸ்வாக் பல்குச்சி என்றால் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குச்சி இந்த மரத்தின் வேரும் கிளையும்தான். தாவரவியலில் சால்வடோரா பெர்சிகா.

முதலில் சில அடிப்படைகள்

காட்டுயிர்த் தோட்டம் என்றவுடன் மான், மயில் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். கொண்டைக்குருவி, தேன்சிட்டு, ஓணான், தேனீ, பட்டாம்பூச்சி, இரவில் வரும் அந்துப்பூச்சி ஆகியவை வந்து தின்ன, ஒளிய, குஞ்சு பொரிக்க இடம் இருக்கிற தோட்டம், அவ்வளவுதான். அழகுக்காக வைக்கும் தோட்டத்தில் இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடிப்போம். இங்கே ஓட்டை விழவில்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

பசுமை மாறாச் செடி என்றால் இலையே உதிர்க்காத செடி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஒரு செடி உலகத்தில் கிடையாது. எல்லா இலைக்கும் வயதாகும், விழும். வேப்பமரம் மாசி, பங்குனியில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் பிறகு துளிர்க்கிறது. உகாய் போன்றவை ஒன்றிரண்டாக உதிர்த்துக்கொண்டே புது இலையும் விட்டுக்கொண்டிருக்கும். எந்த மாதம் பார்த்தாலும் செடியில் இலை இருக்கும். மனிதக் கண்ணுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. நிழலும் மறைவும் தேடும் குருவிக்கோ, மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும் அந்த ஒரு மாதம் பெரும்பாடு.

வறட்சி தாங்குவது என்பதற்கும் ஒரு விளக்கம் தேவை. நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே மழை பெய்கிறது. கேட்டால் ரொம்பக் குறைவு என்று தோன்றாது. சிக்கல் எங்கே என்றால், அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற சின்ன இடைவெளிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அப்புறம் ஒன்பது மாதத்தை ஓட்ட வேண்டும். அந்த ஒன்பது மாதத்தில்தான் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலையும் உப்பையும் வாரி அடிக்கிறது. அதாவது நம் செடிக்கு மூன்று சோதனை: தண்ணீர் இல்லாமை, உப்பு, காற்று. சமவெளி நர்சரியில் "வறட்சி தாங்கும்" என்று சொல்லி விற்கும் பல செடிகள் முதல் சோதனையில் தேறிவிடும், மற்ற இரண்டில் கருகிவிடும்.

உகாய் மூன்றையும் தாங்குவதற்குக் காரணம் அதன் இலையிலும் வேரிலும் இருக்கிறது. இலை தடிப்பானது, சதைப்பற்றுள்ளது, மேலே மெழுகுப் பூச்சு. வேர் ஆழமாகவும் அகலமாகவும் போகும். உப்பு விஷயத்தில் அது செய்வது கெட்டிக்காரத்தனம். வேர் வழியாக ஏறும் உப்பை இலைச் செல்களுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் ஒதுக்கி வைத்துவிடுகிறது. செல்லின் மற்ற வேலைகளை அந்த உப்பு தொடுவதில்லை. இலை சதைப்பற்றாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு, ஏனென்றால் உள்ளே நீர் கூடக் கூட உப்பின் கடுமை குறையும்.

நாலாவது சொல், நாட்டுச் செடி. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பசுமை மாறாமல் இருப்பதும் வறட்சி தாங்குவதும் மட்டும் போதும் என்றால் நம் ஊரில் செடி நடவே தேவையில்லை. சீமைக்கருவேலம் இருக்கிறதே! அதைவிட வறட்சி தாங்குவது எது? அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்து பரப்பினார்கள். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கண்மாய், ஊருணி, தரிசு என்று எங்கும் பரவி, மற்ற செடிகளை முளைக்கவிடாமல் செய்து, உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போன மரமும் அதுதான். பறவைகள் அதில் உட்காரும், கூடுகூடக் கட்டும். தங்க இடம் கொடுப்பது வேறு, சோறு போடுவது வேறு. அதன் இலையைத் தின்று வாழப் பழகிய நம் ஊர்ப் புழுக்கள் மிகக் குறைவு. புழு இல்லாத மரத்தில் குருவிக் குஞ்சுக்கு என்ன கிடைக்கும்?

கடுகு வாசமும் பட்டாம்பூச்சியும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். நாட்டுச் செடி ஏன் என்ற கேள்விக்கு உகாயைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் செடி எனக்குத் தெரிந்து இல்லை.

உகாய் இலை ஒன்றைப் பறித்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கடுகு அரைத்த மாதிரி ஒரு காரநெடி மூக்கில் ஏறும். மென்றால் உப்பும் உறைப்புமாக இருக்கும். கடுகிலும் முருங்கை வேரிலும் வரும் அதே வகைக் காரம்தான் இது. தாவரவியலார் கடுகு, முருங்கை, பப்பாளி, ஆதண்டை, மாவிலங்கம், உகாய், அதன் குடும்பத்து முள்செடியான சங்கஞ்செடி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். வெளித் தோற்றத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவு தெரியாது. உள்ளே இருக்கும் காரச் சரக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

செடிக்கு இந்தக் காரம் ஒரு தற்காப்பு. இலை முழுதாக இருக்கும்வரை கார எண்ணெய் அப்படியே இருப்பதில்லை. அதை உண்டாக்கும் மூலப்பொருள் ஓர் இடத்திலும் அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பூச்சி கடித்ததும் செல் உடைந்து இரண்டும் கலந்து காரம் பிறக்கும். நீங்கள் கசக்கும்போது வாசம் வருவதும் அதனால்தான். பெரும்பாலான புழுக்களுக்கு அந்தக் காரம் விஷம்.

ஆனால் வெள்ளை, மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிக் குடும்பம் ஒன்று உண்டு, பியரிடே என்பார்கள். அந்தக் குடும்பத்தில் பல இனங்களின் புழுக்கள் இந்தக் காரத்தை வயிற்றுக்குள்ளேயே தீங்கில்லாத வேறு பொருளாக மாற்றிவிடக் கற்றுக்கொண்டிருக்கின்றன. கற்றுக்கொண்டது ஒரு நாளில் இல்லை, கோடிக்கணக்கான வருடங்களில். விளைவு என்னவென்றால், மற்றவர் தொடாத இலை இவற்றுக்கு மட்டும் விருந்து. அத்தோடு, வேறு இலையில் முட்டை வைத்தால் புழு பிழைக்காது என்ற நிலைமையும் வந்துவிட்டது.

நம் கடற்கரையில் இதற்கு நேரான உதாரணம் ஸ்மால் சால்மன் அராப் என்ற சின்னப் பட்டாம்பூச்சி. இறக்கை வெளுத்த செம்மீன் சதை நிறம், ஓரத்தில் கனத்த கறுப்பு. முள்ளும் புதருமான வறண்ட வெளியில், நல்ல வெயில் நேரத்தில், தரையை ஒட்டித் தாழப் பறக்கும். அதன் புழுவுக்கு உணவு உகாய் இலையும் சங்கஞ்செடி இலையும். இந்த இரண்டும் அழிந்த இடத்தில் நீங்கள் எவ்வளவு செம்பருத்தி வைத்தாலும் இட்லிப்பூ வைத்தாலும் அந்தப் பட்டாம்பூச்சி வந்து தேன் குடித்துவிட்டுப் போகலாம், குடியிருக்காது.

தோட்டத்தில் உகாய் வளர்ந்த பிறகு, இளந்தளிர் விட்டிருக்கும் கிளையை மெல்லத் திருப்பி இலையின் இரு பக்கமும் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஓரம் கடிபட்ட இலை ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குப் பக்கத்து இலைகளில் தேடினால், இலையின் அதே வெளிர்பச்சையில், நடுநரம்போடு நரம்பாக ஒட்டிக்கொண்டு ஒரு புழு கிடக்கும். விரலை வைத்தால்கூட நகராது. பக்கத்து இலையில் தையல்சிட்டு உட்கார்ந்து அதையேதான் தேடிக்கொண்டிருக்கும். யார் கண் கூர்மையோ அவருக்கு.

கொண்டைக்குருவியும் மைனாவும் பழம் தின்னும், தேன்சிட்டு தேன் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குஞ்சு பொரித்ததும் இவை மூன்றுமே பூச்சி, புழு தேடி அலையும். வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அதனால் புழு தின்ற இலையைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். உகாய் பழையபடி தளிர்த்துவிடும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் வேண்டாம். இயற்கை மருந்து என்றாலும் புழுவைக் கொல்வதற்குத்தானே அது.

பழம் வரும் காலம்

உகாயின் பூ கண்ணில் படுவதே கஷ்டம். பச்சையும் மஞ்சளும் கலந்த பொடிப் பூக்கள், கிளை நுனிகளில் தளர்ந்த கொத்தாக வரும். தேனீ, ஈ, குளவி எல்லாம் மொய்ப்பதைப் பார்த்துத்தான் பூத்திருப்பது தெரியும். பெரும்பாலும் பனிக்காலம் முடியும் சமயத்தில் பூத்து, கோடை ஏறும்போது பழுக்கும். இடத்துக்கு இடம் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பச்சையிலிருந்து இளஞ்சிவப்பாகி, கனிந்ததும் கருஞ்சிவப்பாக, உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி பளபளக்கும். சங்கப் புலவர் ஒருவர் இதன் பழத்தை இறால் முட்டையோடும், அடிமரத்தைப் புறாவின் முதுகோடும் ஒப்பிட்டிருக்கிறார். இறாலைக் கையில் எடுத்துப் பார்த்த கடற்கரைக்காரர்களுக்கு அந்த உவமை எவ்வளவு சரி என்று தெரியும். பழம் தித்திப்போடு சற்று உறைக்கும், மனிதரும் தின்னலாம்.

பழம் வரும் மாதம்தான் முக்கியம். கோடையில் கண்மாய் வற்றி, புல் காய்ந்து, மற்ற பழங்கள் குறைந்து கிடக்கும் சமயம். அப்போது ஒரு செடி நிறையப் பழம் இருந்தால் கொண்டைக்குருவி, மைனா, குயில், தவிட்டுக்குருவி எல்லாம் தேடி வரும். வடக்கிலிருந்து பனிக்காலத்துக்கு வந்து தங்கும் சோளக்குருவிக் கூட்டத்துக்கும் உகாய்ப் பழம் மிகவும் பிடித்தம். வடக்கே திரும்பிப் போகும் முன் அவை குஜராத்தில் இந்தப் பழத்தின் மேல் கூட்டம் கூட்டமாக இறங்கும். பறவைகள் தின்று எச்சமிட்ட இடத்தில் புது உகாய் முளைக்கும். வேலியோரமும் பனைமரத்தடியும் இதற்குப் பேர் போன இடங்கள், ஏனென்றால் குருவி உட்காருவது அங்கேதான்.

செடி எங்கே கிடைக்கும்?

அழகுச்செடி விற்கும் நர்சரிகளில் கேட்டால் பெரும்பாலும் முழிப்பார்கள். வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் விதைதான் வழி. ஊர்ப் புறம்போக்கிலோ தெரிந்தவர் தோப்பிலோ நிற்கும் மரத்திலிருந்து ஒரு கை பழம் போதும். மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. அந்த 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அலையாத்திக் காட்டுக்குள்ளும் கை வைக்க வேண்டாம். வேரோடு பிடுங்கி வருவதும் வீண், ஆழமாகப் போன ஆணிவேர் அறுந்துவிடும், செடி பிழைக்காது.

பழத்தை அப்படியே புதைக்காதீர்கள். சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. காட்டில் குருவியின் வயிறு அந்தச் சதையை நீக்கிவிடுகிறது, வீட்டில் நாம்தான் நீக்க வேண்டும். தண்ணீரில் பழத்தைப் பிசைந்து, கொஞ்சம் மணலோடு உள்ளங்கையில் தேய்த்து, சதை போகும்வரை கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் போதும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பாவில் போட்டு வைக்காமல் உடனே விதைப்பது நல்லது.

பை கொஞ்சம் நீளமானதாக இருக்கட்டும். பாதி மணல், மீதியில் செம்மண்ணும் மக்கிய எருவும். விதையை அதன் பருமனுக்கு மேல் ஆழமாகப் புதைக்க வேண்டாம். இந்தச் சமயத்தில் மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வளர்ந்த உகாய் உப்பைத் தாங்கும் என்பது சரி, முளைக்கும் விதைக்கு அந்தத் தெம்பு வந்திருக்காது. சவர்த் தண்ணீர் ஊற்றினால் முளைப்பு குறையும். பையில் தண்ணீர் தேங்கினாலும் நாற்று அழுகும்.

முதல் சில மாதம் மேலே ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கீழே வேர் போய்க்கொண்டிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் யூரியாப் பொட்டலத்தைக் கையில் எடுக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அதே சமயம், நாற்று நன்றாக இருக்கிறதே என்று இரண்டு வருடம் பையிலேயே வைத்திருக்கவும் கூடாது. ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேரோடு நட்ட செடி கடைசிவரை கச்சானுக்கு ஆடிக்கொண்டே நிற்கும்.

நடுவதும் முதல் வருடமும்

நட ஏற்ற காலம் ஐப்பசி. முதல் மழை நன்றாக நனைத்த பிறகு நட்டால், மழைக்காலம் முழுவதும் வேர் இறங்க நேரம் கிடைக்கும். தை மாதம் நட்டால் அந்த மூன்று மாதத்தையும் இழந்து நேரே வெயிலுக்குள் போகிறோம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அதன் கடைசி உருவத்தை மனதில் வையுங்கள். இது பல கிளைகளாக அடியிலிருந்தே பிரிந்து, நுனி தொங்கி, அகலமாகப் படரும். விட்டால் 10 முதல் 20 அடி உயரம் போகும், அதே அளவு பரவவும் செய்யும். வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, முடிந்தால் தென்மேற்கு மூலையில் வையுங்கள். கச்சான் அந்தப் பக்கமிருந்துதான் வரும். உகாய் காற்றையும் மணலையும் முதலில் வாங்கிக்கொண்டால் அதற்குப் பின்னால் முருங்கை, செம்பருத்தி, கீரைப் பாத்தி என்று மென்மையானவை பிழைக்கும். முழு வெயில் வேண்டும். மாமர நிழலில் வைத்தால் உயிரோடு இருக்கும், பழம் வராது.

குழி ஒன்றரை அடி போதும். கடற்கரை மணலில் அடியில் கொஞ்சம் வண்டல் மண் போடுவது நல்லது, தண்ணீர் உடனே இறங்கி ஓடிவிடாது. கண்மாய் வண்டல் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. எரு ஒரு சட்டி. அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி தண்ணீர். வறட்சி தாங்கும் செடி என்று சொன்னதும் நட்ட மறுநாளிலிருந்து தண்ணீரே தேவையில்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வறட்சியைத் தாங்குவது வேர். அந்த வேர் இன்னும் பை அளவுதான் இருக்கிறது. எனவே மழை நின்றதிலிருந்து முதல் கோடை முடியும்வரை தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தினமும் ஒரு சொம்பு மேலாக ஊற்றினால் ஈரம் மேல் மண்ணிலேயே நிற்கும், வேரும் அங்கேயே நின்றுவிடும். செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி, ஒரு வாரம் நீங்கள் ஊருக்குப் போனால் வாடிப் படுத்துவிடும். அதற்குப் பதில் வாரம் ஒன்றிரண்டு முறை ஒரு குடம் தண்ணீரை மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றுங்கள். ஈரம் ஆழத்துக்குப் போகும், வேர் அதைத் துரத்திக்கொண்டு போகும். இடைவெளியைப் பத்து நாள், பதினைந்து நாள் என்று மெல்ல நீட்டிக்கொண்டே போங்கள்.

இதைவிடச் சிக்கனமான வழி மண்பானை. பூச்சு இல்லாத பழைய பானையோ மண்கலயமோ ஒன்றைச் செடிக்கு ஓர் அடி தள்ளி, கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைக்க வேண்டும். பானையின் சுவர் வழியாகக் கசிந்து, மண் காயும்போது மட்டும் தண்ணீர் வெளியே போகும். வெயில் குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. மூடி முக்கியம், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும், ஓணான் குஞ்சு விழுந்து சாகும். செடியைச் சுற்றிக் காய்ந்த சருகையோ தென்னை மட்டையையோ பரப்பி வைத்தால் மண் சூடு குறையும். பானையில் நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் பானையின் நுண்துளைகள் உப்பால் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது கோடையில் மாதத்துக்கு ஒரு முறை போதும், அதற்குச் சவர்த் தண்ணீரும் ஆகும். மூன்றாவது கோடையில் நீங்கள் அதை மறந்துவிடலாம்.

தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து ஆடு. உகாய் இலையின் உப்புச் சுவை வெள்ளாட்டுக்கு அமிர்தம். வளர்ந்த மரம் கடி தாங்கும், முழங்கால் உயர நாற்று தாங்காது. மூன்று பக்கம் ஓலை வேலி கட்டி ஒரு பக்கம் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஆடு அந்த நாளை வரை காத்திருக்காது. கைக்கு எளிதில் கிடைப்பது சீமைக்கருவேல முள். காய் இல்லாத காய்ந்த கிளைகளாகப் பார்த்து வெட்டிச் சுற்றி அடுக்குங்கள். இந்த ஒரு வேலைக்கு அந்த மரம் அருமையாக உதவும்.

வெட்டலாமா?

வெட்டலாம். அடியோடு வெட்டினாலும் துளிர்க்கும் செடி இது. ஆனால் காட்டுயிர்த் தோட்டத்தில் அடிக் கிளைகளைக் கழித்து, மேலே குடை மாதிரி விடும் நம் வழக்கத்தை இதில் காட்டாதீர்கள். தரையைத் தொட்டுக் கிடக்கும் அந்தக் கீழ்க்கிளைகள்தான் இதில் விலை உயர்ந்த பகுதி. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறுவது அதற்குள்ளேதான். வல்லூறு சுற்றும்போது சின்னக் குருவிகள் பாய்ந்து ஒளிவதும் அங்கேதான். அரணை, ஓணான், தேரை எல்லாவற்றுக்கும் மத்தியான வெயிலில் அதுதான் வீடு. தரை தொட்ட கிளை சில சமயம் அங்கேயே வேர் விட்டு இன்னொரு செடியாகும், அதை வெட்டி எடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம். அடியில் விழும் சருகைப் பெருக்கி எரிக்க வேண்டாம். பாதைப் பக்கம் நீட்டும் கிளைகளை, பழம் முடிந்து, உள்ளே கூடு இல்லை என்று பார்த்துவிட்டு, மழைக்கு முன் கழிக்கலாம்.

இந்த இடத்தில் வீட்டில் ஒரு குரல் கட்டாயம் எழும்: "புதர் விட்டா பாம்பு வராதா?" சமாளித்துப் பதில் சொல்லக் கூடாத கேள்வி இது. புதரில் பாம்பு தங்கலாம். ஆனால் அது வருவது எலிக்கும் தவளைக்கும். கோழித் தீவனம் சிந்திக் கிடப்பது, கொல்லையில் செங்கல்லும் விறகும் குவிந்து கிடப்பது, மீன் கழிவைப் பின்வாசலில் கொட்டுவது, இவைதான் எலியை அழைக்கின்றன. உகாயை வாசலிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள், இடையில் நாலைந்து அடி வெறும் மணலாகப் பெருக்கி வைத்திருங்கள், இரவில் அந்தப் பக்கம் போனால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் கொல்லைப்புறம் போகும் எவரும் எப்படியும் செய்வதுதான் இது.

கோடையில் புதருக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஆழம் இரண்டு விரல் இருந்தால் போதும், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க வாய்ப்பில்லாத வெளியான இடமாக, ஆனால் குருவி ஓரெட்டில் புதருக்குள் பாயும் தூரமாக இருக்க வேண்டும். தினமும் கழுவி மாற்ற முடியாதென்றால் வைக்காமலிருப்பது மேல்.

இடம் சிறிது என்றால்

மூன்று சென்ட் மனையில் வீடு கட்டி மீதி இடத்தில் உகாய் வைக்க முடியுமா? வருடம் தவறாமல் வெட்டிக் கட்டுக்குள் வைத்தால் முடியும், ஆனால் பாதிப் பழத்தை அந்த வெட்டிலேயே இழப்பீர்கள். அதற்குச் சங்கஞ்செடி பொருத்தம். உகாயின் குடும்பமே அது. அதே பட்டாம்பூச்சிக்கு அதே உணவு, அதே பசுமை, அதே உப்புத் தாங்கும் குணம். இடுப்பு உயரம், விட்டால் ஆள் உயரம். கணுவுக்கு நான்கு முள், அதனால் ஆட்டுத் தொல்லையும் குறைவு, வேலிக்கும் ஆகும். முள்ளுக்குள் கட்டும் கூட்டைப் பூனையால் நெருங்க முடியாது. வெள்ளை வெள்ளையாகப் பழம் வரும்.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சங்கஞ்செடியில் ஆண், பெண் தனித்தனிச் செடி. பழம் பெண் செடியில் மட்டும்தான், அதுவும் பக்கத்தில் ஆண் இருந்தால். பூக்கும்வரை எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. எனவே ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து நாற்றை மூன்றடிக்கு ஒன்றாக வேலியோரம் நட்டுவிடுங்கள். எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோ வந்துவிட்டால் இலையைப் பட்டாம்பூச்சிப் புழு எடுத்துக்கொள்ளும், பழத்துக்கு மட்டும் பூத்திருக்கும் வேறு வேலியிலிருந்து தரை தொட்ட கிளையாகப் பார்த்து, மண் போட்டு வேர் பிடிக்கவைத்து எடுத்து வந்து சேர்த்துக்கொள்ளலாம்.